வாசகர் கேள்வி – பதில்: நோர்வேயின் வடகரைக்கு முதற் கப்பற் பயணம்

கேள்வி: ஒஸ்லோவில் இருக்கும் எமது மகன், பேர்கன் நகரிலிருந்து வடக்கே போகும் கரையோரக் கப்பலில் என்னையும் என் கணவரையும் வரும் செப்ரெம்பரில் அழைத்துச் செல்ல விரும்புகிறார். நெடுந்தீவு வள்ளத்துக்கு அப்பால் கடற்பயணம் எதுவும் நாம் அறியோம். குளிருக்கான உடுப்புகளை யாழ்ப்பாணத்திலேயே வாங்கிவிடலாமா? மகனின் நண்பர்கள் டிசெம்பரே சிறந்த மாதம் என்கிறார்கள். அதுவும் சரியா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, கொக்குவில்

பதில்: மாதத்தை முதலில் தீர்த்துக்கொள்வோம், ஏனெனில் உடுப்பும் செலவும் அதைப் பொறுத்தவை. வடகரையிலுள்ள துரொம்சோ நகரில் நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை சூரியன் அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. நண்பகலை ஒட்டிச் சில மணித்தியாலம் நீலமான மங்கல் ஒளி மட்டும் இருக்கும். வானில் பச்சையாக அசையும் வடதுருவ ஒளியைக் காண்பதற்கு அந்த இருட்டு உதவும் என்பது உண்மைதான். ஆனால் மலைகளையும் கடல்நீர் உள்ளே புகுந்த பள்ளத்தாக்குகளையும் பார்க்கப் போகின்றவர் அவற்றின் பெரும்பகுதியை இருட்டிலேயே கடந்துவிடுவார். செப்ரெம்பர் இறுதியில் பகலும் இரவும் ஏறத்தாழச் சமமாக இருப்பதால் பகலில் காட்சி கிடைக்கும், முகில் விலகினால் இரவில் அந்த ஒளியும் கிடைக்கலாம். மே பிற்பகுதியிலிருந்து யூலை பிற்பகுதி வரை அங்கே சூரியன் மறையாது. வெளிச்சத்துக்கு அதுவே உச்சம், எனினும் வடதுருவ ஒளி தெரியாது, உறக்கமும் குழம்பும். உங்கள் மகன் நல்ல மாதத்தைத்தான் தெரிந்திருக்கிறார். நண்பர்களின் பேச்சுக்காக அதை மாற்ற வேண்டாம்.

நீங்கள் ஏறப்போவது நீச்சற் குளமும் சூதாட்ட மண்டபமுமாக விளம்பரங்களில் மின்னுகின்ற மாபெரும் உல்லாசக் கப்பல் அன்று. 1893இல் ரிச்சார்ட் வித் என்ற கப்பற் தலைவர் தொடக்கிய தபால் சேவையின் வழிவந்த கப்பல் அது. பேர்கனிலிருந்து ரஷ்ய எல்லைக்கு அருகேயுள்ள கிர்கெனெஸ் வரை 34 துறைகளைத் தொட்டுச் சென்று திரும்புவதற்குப் பன்னிரண்டு நாள் ஆகும். சரக்கும் உள்ளூர்ப் பயணிகளும் அதிலே ஏறி இறங்குவார்கள். நள்ளிரவிலும் துறை பிடிக்கும், சில துறைகளில் கால் மணித்தியாலம் மட்டுமே நிற்கும். ஆகையால் இரவு விருந்துக்கென்று கோட்டும் பட்டுச் சேலையும் பெட்டியில் அடைக்கத் தேவையில்லை. அந்த இடத்தைக் கம்பளிக்குக் கொடுங்கள்.

இனி உடுப்பு. வடகரை என்றதும் எம்மவர் உறைபனியையே எண்ணிக்கொள்கிறார்கள். வெப்பமான அத்திலாந்திக் நீரோட்டம் அந்தக் கரையை ஒட்டி ஓடுவதால், துருவ வட்டத்துக்கு அப்பாலுள்ள துறைமுகங்கள் கூட மாரியில் உறைவதில்லை. செப்ரெம்பரில் பகல் வெப்பநிலை பெரும்பாலும் 5 முதல் 13 பாகை வரை இருக்கும். உங்களை வாட்டப்போவது காற்றும் ஈரமுமே. 5 பாகைக் குளிரில் மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் காற்று வீசினால் உடலுக்கு அது பூச்சியத்துக்குச் சற்றுக் கீழே உள்ளது போலப்படும். ஓடுகின்ற கப்பலின் மேல்தளத்தில் அப்படிப்பட்ட காற்று சாதாரணம். பேர்கனோ ஆண்டுக்கு 2,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் நகரம். மாரியின் இரண்டு மூன்று மாதங்களில் பெய்து ஓய்கின்ற எமது மழையைப் போலன்றி, அங்கே ஆண்டு முழுவதும் தூறிக்கொண்டே இருக்கும்.

எனவே தடித்த ஒரு குளிரங்கியை நம்புவதைவிட மூன்று அடுக்காக உடுப்பதே நல்லது. உடலோடு ஒட்டிய முதல் அடுக்கு மெரினோ கம்பளியாகவோ செயற்கை இழையாகவோ இருக்க வேண்டும், பருத்தி கூடாது. எமது வெயிலுக்கு அருமையான பருத்தி, வியர்வையையும் மழையையும் உறிஞ்சி வைத்துக்கொண்டு குளிரில் உடம்பைச் சில்லிட வைத்துவிடும். இரண்டாவது கம்பளிச் சுவெற்றர். மூன்றாவது காற்றும் நீரும் புகாத, தலைமூடியுடன் கூடிய மேலங்கி. இந்த மேலங்கியைத் தயவுசெய்து யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ வாங்காதீர்கள். இங்கே கிடைப்பவற்றுட் பல பார்வைக்குத் தடிப்பாக இருந்தாலும் தையல் வழியே நீரை விடுபவை, விலையும் குறைவன்று. மகனின் வீட்டிலோ அவருடைய நண்பர்களின் வீடுகளிலோ உங்களுக்குப் பொருந்தும் மேலங்கி ஒன்றேனும் தொங்கிக்கொண்டிருக்கும். இரவலாகப் பெறுவதில் வெட்கமில்லை. சேலையை விடமாட்டேன் என்றால் அறைக்குள்ளும் உணவு மண்டபத்திலும் உடுக்கலாம், ஆனால் ஈரமான ஏறுபலகையில் சேலைக்கரை காலிற் சிக்கும். கரையிறங்கும்போது காற்சட்டையே பாதுகாப்பு.

சப்பாத்தை மட்டும் புறப்படுவதற்கு வெகு முன்னரே வாங்கிவிடுங்கள். தடித்த காலுறையோடு போட்டுப் பார்த்து, விரல்களை அசைக்க இடமிருக்கும் அளவில், அடிப்பாகம் வழுக்காததாக எடுங்கள். ஆயுள் முழுவதும் செருப்போடு பழகிய பாதம் புதுச் சப்பாத்தில் கொப்பளிக்கும். அதைப் போட்டுக்கொண்டு இரண்டு மூன்று கிழமை மாலையில் பண்ணைப் பக்கம் நடந்து பழகுங்கள். பார்ப்பவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். காதை மூடும் தொப்பி, கையுறை, கழுத்துத் துணி ஆகியவற்றையும் மறக்க வேண்டாம். துருவ வட்டத்தைக் கடக்கும்போது மேல்தளத்தில் ஒரு சடங்கு நடக்கும்: கடற்தெய்வ வேடமிட்டவர் ஒரு கரண்டி பனிக்கட்டி நீரை உங்கள் கழுத்துக்குப் பின்னால் சட்டைக்குள் ஊற்றுவார். விரும்பாதவரை எவரும் வற்புறுத்துவதில்லை. கணவருக்கு இருதய நோய் இருந்தால் அவர் தள்ளி நின்று பார்ப்பதே போதும்.

கேள்வி: குறிகட்டுவானில் வள்ளம் ஏறினாலே எனக்குக் குமட்டும். இத்தகைய பயணம் எனக்குச் சரிவருமா?
– வாசகி, வேலணை

பதில்: சரிவரும். அந்தக் கப்பல் பெரும்பாலும் வெளித்தீவுகளுக்கும் பெருநிலத்துக்கும் இடையிலேயே செல்வதால், அலையைத் தீவுகள் தடுத்துவிடும். திறந்த கடலுக்கு வருகின்ற இடங்கள் சில உண்டு: ஸ்தாட் முனை, ஹுஸ்தாட்விக்கா, பூடோவிலிருந்து லொபோட்டன் தீவுகளுக்கு ஏறத்தாழ நான்கு மணித்தியாலம் கடக்கும் வெஸ்ட் பியோர்ட், நோர்த் கேப் எனப்படும் நிலமுனைக்குக் கிழக்கேயுள்ள பேரென்ட்ஸ் கடற்பகுதி. கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்திலுள்ள அறையைக் கேளுங்கள். அங்கே ஆட்டம் குறைவு, கட்டணமும் பெரும்பாலும் குறைவு. குமட்டல் தடுக்கும் குளிசையைத் தலை சுற்றத் தொடங்கிய பின் விழுங்கிப் பயனில்லை, திறந்த கடல் வருவதற்கு முன்னரே எடுக்க வேண்டும். ஆனால் அவற்றுட் பல தூக்கத்தை வரவழைக்கும். கண்ணழுத்த நோய் அல்லது சிறுநீர் அடைப்பு உள்ளவர்களுக்குச் சில ஆகாது. உங்கள் வைத்தியரிடம் கேட்டே வாங்குங்கள். வெறும் வயிற்றோடு படுத்திருப்பதும் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பதும் நிலைமையை மோசமாக்கும். வெளியே வந்து அடிவானத்தை நோக்குங்கள்.

இந்தச் சேவைக் கப்பல்களில் வைத்தியர் இருப்பதில்லை, அவசரமானால் அடுத்த துறையில் கரையிலுள்ள மருத்துவசாலையே கதி. ஆகவே வழமையான மருந்துகளைப் பயண நாட்களுக்கும் மேலாக ஒரு கிழமைக்குச் சேர்த்து, மருந்தின் பொதுப்பெயர் எழுதிய சீட்டோடு கைப்பையில் வைத்திருங்கள். இன்சுலின் உறைந்தால் கெட்டுவிடும் என்பதால், விமானத்தில் அதைப் பெரிய பொதியில் போடக்கூடாது.

கேள்வி: நாங்கள் சைவம். வெள்ளிக்கிழமைகளில் விளக்கேற்றாமலும் இருந்ததில்லை. கப்பலில் என்ன செய்வது?
– வாசகர், காரைநகர்

பதில்: பயணத்தைப் பதிவு செய்யும்போதே உணவு விபரத்தை எழுத்தில் கொடுங்கள். மரக்கறி என்று மட்டும் எழுதினால் முட்டை வரும், சிலவேளை மீன் அவித்த நீரில் செய்த சூப்பும் வரும். மீன், முட்டை, இறைச்சிச் சாறு எதுவும் ஆகாது என்று ஒவ்வொன்றாகக் குறிப்பிடுங்கள். காரத்துக்கு மிளகாய்த்தூளும் பருப்புப் பொடியும் கொண்டுபோகலாம். நெய், பால்மா, பாற்பண்டங்கள், இறைச்சி வகைகளை ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து நோர்வேக்குள் கொண்டுசெல்லத் தடை உண்டு. விளக்கு, கற்பூரம், ஊதுபத்தி மூன்றும் அறைக்குள் ஆகா, சோறு சமைக்கும் மின்சட்டியும் அப்படியே. கப்பலில் தீயை விட அஞ்சப்படுவது வேறில்லை. தேவாரம் பாடத் தடையேது?

சைவமானாலும் லொபோட்டனில் மீன் காயவைக்கும் மரப்பரண்களைப் பாருங்கள். பெப்ரவரி முதல் மே வரை கொட் மீனை வாலோடு வால் கட்டி, உப்பே இல்லாமல் குளிர்காற்றில் தொங்கவிடுகிறார்கள். உப்பும் வெயிலும் கொண்டு கருவாடு போடும் எமது ஊரவர்க்கு அது புதுமைதான். செப்ரெம்பரில் போகின்ற கொக்குவில் வாசகிக்கு வெறும் பரண்களே தென்படும், பதப்பட்ட மீன் கோடையிலேயே இறக்கப்பட்டுவிடும்.

கேள்வி: விசாவுக்கு எவ்வளவு முன்னதாக விண்ணப்பிக்க வேண்டும்?
– வாசகர், சாவகச்சேரி

பதில்: ஒரே விசாவோடு சென்றுவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டமான ஷெங்கனில் நோர்வேயும் ஒன்று. பயணத்துக்கு ஆறு மாதம் முன்னரிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாளுக்கு முன் என்று விதி இருந்தாலும், கோடைக்கு முன் கூட்டம் மிகுவதால் மூன்று நான்கு மாதம் விட்டுக்கொள்வதே புத்தி. கடவுச்சீட்டு பத்தாண்டுக்குள் வழங்கப்பட்டதாக, திரும்பும் நாளுக்குப் பின்னும் மூன்று மாதம் செல்லுபடியாவதாக, இரண்டு வெற்றுப் பக்கங்கள் உள்ளதாக இருக்க வேண்டும். மருத்துவக் காப்புறுதி குறைந்தது 30,000 யூரோவுக்கு எடுக்க வேண்டும், ஏற்கெனவே உள்ள நோய்களை அது ஏற்கிறதா என்பதைச் சிறிய எழுத்து வரை வாசியுங்கள். பிள்ளைகள் ஆசைப்பட்டு ஸ்வால்பார்ட் தீவுகளையும் பயணத்தில் சேர்த்தால் கவனம் தேவை: அவை நோர்வேக்கு உரியவையானாலும் ஷெங்கன் எல்லைக்கு வெளியே உள்ளவை. அங்கிருந்து பெருநிலத்துக்குத் திரும்பி வர ஒருமுறை நுழைவு விசா போதாது, இருமுறையோ பலமுறையோ நுழையக்கூடிய விசாவைத் தொடக்கத்திலேயே கேட்க வேண்டும்.