மிலிட்டரிக்காரர் வீட்டுப் பெட்டி: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

படையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்களின் வீட்டுப் பொருள்களை எப்படிப் பாதுகாப்பது என்று வடசென்னையிலிருந்து வந்த கடிதங்களை இந்த முறை எடுத்துக்கொண்டோம். கடல் பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தனிச் சிரமம் உண்டு. உப்புக் காற்று உலோகத்தையும் துணியையும் காகிதத்தையும் ஒரே நேரத்தில் அரிக்கும்.

என் மாமனார் மெட்ராஸ் ரெஜிமெண்டில் இருந்தவர். அவருடைய ஆறு மெடல்களும் கறுத்துக் கிடக்கின்றன, ஒன்றில் பச்சை பிடித்திருக்கிறது. குத்துவிளக்கு தேய்ப்பதுபோல் புளி போட்டுத் தேய்க்கலாமா? விபூதி நல்லது என்கிறார்களே?
– வாசகி, தண்டையார்பேட்டை

புளி, எலுமிச்சை, விபூதி, பல்பொடி, கடையில் விற்கும் பித்தளைப் பொடி எதுவும் வேண்டாம், அம்மா. குத்துவிளக்கு கனமான பொருள், வருஷக்கணக்கில் தேய்த்தாலும் தாங்கும். மெடலின் விளிம்பு அப்படியில்லை. மெடலைக் குறுக்கே திருப்பி, ஓரத்தை டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். மிகச் சிறிய எழுத்தில் படை எண், பதவி, பெயர், படைப்பிரிவு என்று வரிசையாக இருக்கும். இந்த மெடல் உங்கள் மாமனாருடையது என்பதற்கு அந்த ஒரு வரிதான் சாட்சி. பொடி போட்டுத் தேய்க்கத் தேய்க்க முதலில் மழுங்குவது அதுதான். புளியில் உள்ள அமிலம் மேல்படலத்தைக் கரைத்துவிடும், அன்றைக்குப் பளபளக்கும். ஆனால் இடுக்கில் தங்கிய புளி, தண்டையார்பேட்டைக் காற்றில் மறுபடி பச்சைக் களிம்பாகக் கிளம்பும், முன்னைவிட வேகமாக.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். முதலில் மெடல்கள் இருக்கும் வரிசையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ரிப்பன் தைத்திருந்தால் நூலை மட்டும் வெட்டிக் கழற்றுங்கள். ரிப்பனை நனைக்கவே கூடாது, சாயம் ஒன்றின்மேல் ஒன்று இறங்கிவிடும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் அரை லிட்டர் எடுத்து, அதில் இரண்டு சொட்டு ஷாம்பு விடுங்கள். போர்வெல் தண்ணீர் ஆகாது, அதிலேயே உப்பு இருக்கிறது. குழந்தைகளுக்கான மென்மையான பல்துலக்கியால் அழுக்கை மட்டும் எடுத்து, சுத்தமான டிஸ்டில்டு வாட்டரில் இரண்டு முறை அலசுங்கள். பழைய பருத்தி வேட்டித் துணியில் ஒற்றி எடுத்து, ஒரு மணி நேரம் ஃபேன் அடியில் வையுங்கள். பிறகு வெறும் கையால் தொடாதீர்கள். வியர்வையும் உப்புதான்.

கறுப்பு அப்படியே இருக்கும், இருக்கட்டும். பச்சை மட்டும் இரண்டு வகை. கெட்டியாக, கரும்பச்சையாக ஒட்டியிருந்தால் பயமில்லை. வெளிர்பச்சையில் மாவுபோல் உதிர்ந்து, துடைத்த சில நாளில் அதே இடத்தில் மறுபடி வந்தால், உப்பு உலோகத்துக்குள் இறங்கிவிட்டது என்று அர்த்தம். அந்த மெடலைத் தனியாகப் பிரித்து வையுங்கள். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930 முதல் வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் இருக்கிறது, அங்கே ஆலோசனை கேளுங்கள். வீட்டு வைத்தியம் அதற்கு எடுபடாது.

வைக்கும்போது ஒவ்வொன்றையும் தனித்தனி ஜிப் கவரில், ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போடுங்கள். ஈரம் ஏறினால் ஆரஞ்சிலிருந்து பச்சையாக மாறும் வகை வாங்கினால் எப்போது மாற்றுவது என்று கண்ணுக்கே தெரியும். புது பிளைவுட் ஷோகேஸ் அழகாக இருக்கும். ஆனால் அந்த மரத்திலிருந்தும் பசையிலிருந்தும் வரும் அமில ஆவி மெடலைக் கெடுக்கும்.

அப்பாவின் மெடல்களில் நட்சத்திரம் ஒன்றும் வட்டமானது ஒன்றும் 1971 என்று இருக்கின்றன. அப்பா போர்முனைக்குப் போனாரா என்பதே எங்களுக்குத் தெரியாது.
– வாசகர், பெரம்பூர்

மெடலே சொல்லும். 1971 போருக்கு மூன்று கொடுத்தார்கள். பூர்வி ஸ்டார் கிழக்கு முனைக்கு, பஷ்சிமி ஸ்டார் மேற்கு முனைக்கு. வட்டமாக இருப்பது சங்கிராம் மெடல், அது அந்தக் காலத்தில் பணியில் இருந்தவர்களுக்குப் பரவலாகக் கிடைத்தது. ஆகவே நட்சத்திரம் இருந்தால் அவர் முனைப் பகுதியில் இருந்திருக்கிறார். எது என்று அதன்மேல் எழுதியிருப்பதைப் படித்துக்கொள்ளுங்கள். இதேபோல் 1965 போருக்கு சமர் சேவா ஸ்டார் முனையில் இருந்தவர்களுக்கு, ரக்ஷா மெடல் மற்றவர்களுக்கும் சேர்த்து. பெட்டியின் அடியில் ஆறு முனை நட்சத்திரமும், நடுவில் கிரீடமும் கிடைத்தால் அது உங்கள் தாத்தா காலத்து, இரண்டாம் உலகப் போர் மெடல். பர்மா ஸ்டார் ரிப்பனில் நடுவே அகலமான சிவப்பு, இருபுறமும் கருநீலம், அந்த நீலத்துக்குள் ஒரு ஆரஞ்சுக் கோடு.

முதல் உலகப் போருக்குக் கொடுத்த வட்ட மெடல்களில் பிரிட்டிஷ் வார் மெடல் பெரும்பாலும் வெள்ளி. சவுகார்பேட்டையில் எடை போட்டு உருக்கிவிடுவார்கள். தயவுசெய்து கொடுக்காதீர்கள். விளிம்பில் பெயரோடு ஒரு மனிதர் இருக்கிறார்.

அப்பாவைப் படையிலிருந்து விடுவித்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் புக் கிழியத் தொடங்கிவிட்டது. லேமினேஷன் போட்டுவிடலாமா?
– வாசகி, வியாசர்பாடி

போடவே போடாதீர்கள். சூட்டில் உருகும் பசை காகிதத்துக்குள் இறங்கிவிடும், அப்புறம் யாராலும் பிரிக்க முடியாது. ரப்பர் ஸ்டாம்ப் மையும் மங்கலாம். அதைவிட முக்கியம், அலுவலகத்தில் அசலைப் புரட்டிப் பார்க்கவும் அதில் புதிதாகப் பதியவும் வேண்டிவந்தால் லேமினேஷன் போட்ட புத்தகம் பயன்படாது. செலோ டேப்பும் வேண்டாம், சில வருஷத்தில் பழுப்பாகிக் காகிதத்தையே தின்றுவிடும்.

துருப்பிடித்த குண்டூசியும் ஸ்டேப்ளர் பின்னும்தான் முதல் எதிரி. பிடுங்காதீர்கள். பின்னுக்கும் காகிதத்துக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் துண்டு ஒன்றைச் செருகி, பின்னின் கால்களை நிமிர்த்தி, பிறகு மறுபக்கமிருந்து மெல்ல உருவுங்கள். எல்லாப் பக்கத்தையும் 300 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்யுங்கள், புகைப்படம் உள்ள பக்கத்தை 600-ல். பக்கங்களுக்கு இடையே வெள்ளை ஜெராக்ஸ் தாள் வைத்து, பாலியெஸ்டர் உறையில் போடுங்கள். பி.வி.சி. உறை வெயில் காலத்தில் எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

ஸ்கேன் செய்யும்போதே அம்மாவின் பெயரும் பிறந்த தேதியும் டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ. (ஓய்வூதிய ஆணை), ஆதார் மூன்றிலும் ஒன்றாக இருக்கின்றனவா பாருங்கள். 80 வயது முடிந்தால் குடும்ப ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடும். அந்தத் தேதிக்கு ஆதாரம் இல்லாமல் அலைகிற குடும்பங்கள் உண்டு. மாறியிருந்தால் அவர் படைப்பிரிவின் ரெக்கார்ட்ஸ் அலுவலகத்துக்கு இப்போதே எழுதுங்கள். மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸுக்கு பெங்களூரு. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் வழி சொல்வார்கள்.

எங்கள் வீட்டில் பித்தளைக் குண்டு ஒன்று பூச்சாடியாக இருக்கிறது. எம்டன் கப்பல் சுட்டது என்று பாட்டி சொல்வார். உண்மையா?
– வாசகர், இராயபுரம்

1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சுட்டதும், துறைமுகத்தின் அருகே பர்மா ஆயில் டேங்குகள் எரிந்ததும் உங்கள் பேட்டையின் வரலாறுதான். ஆனால் உங்கள் கையில் இருப்பது அடியில் தட்டையும் மேலே வாயும் உள்ள பித்தளை உறை. சுட்டபின் உறை பீரங்கியின் பக்கத்திலேயே விழும், அதாவது கப்பலின் மேல்தளத்தில். கரைக்கு வந்தது இரும்புக் குண்டும் அதன் சில்லும் மட்டுமே. ஆகவே உங்களுடையது எம்டன் உறையாக இருக்க வழியில்லை.

கவிழ்த்து அடித்தட்டைப் பாருங்கள். ஆண்டும், தொழிற்சாலைக் குறியும், பீரங்கி வகையும் குத்தியிருக்கும். 25 என்ற எண்ணை அடுத்து பி.ஆர். என்று இருந்தால் அது 25 பவுண்டர் பீரங்கியின் உறை. வீட்டில் பீரங்கிப் படையில் இருந்தவர் யாரென்று பாட்டியிடம் கேளுங்கள், எம்டனைவிட நெருங்கிய கதை கிடைக்கலாம்.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். வாய் திறந்து, உள்ளே காலியாக இருந்தால்தான் அது பூச்சாடி. மேலே குண்டு பொருந்தியே இருந்தாலோ, துப்பாக்கி ரவை தோட்டாவோடு இருந்தாலோ தொடாதீர்கள். அடியில் குழி விழுந்திருக்கிறது, அதனால் சுட்டு முடிந்தது என்று நம்பாதீர்கள், அடித்தும் வெடிக்காமல் போனது இருக்கும். வண்டியில் எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போக வேண்டாம், காசிமேட்டுக் கடலில் வீச வேண்டாம். அறையைச் சாத்திவிட்டு 112-ஐக் கூப்பிடுங்கள்.

தாத்தாவின் உலகப் போர்க் காலத்துத் திசைகாட்டியில் முள் இருட்டில் மின்னவில்லை. திறந்து சரிசெய்யலாமா?
– வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

திறக்காதீர்கள். அக்காலத்து ஒளிரும் பூச்சில் ரேடியம் கலந்திருப்பார்கள். ஒளி தரும் பொருள்தான் தேய்ந்து போயிருக்கிறது. ரேடியத்தின் வீரியம் பாதியாகவே சுமார் 1,600 ஆண்டு ஆகும். உதிரும் தூள் மூச்சிலோ வாயிலோ போவதுதான் ஆபத்து. கண்ணாடி உடையாமல் இருந்தால் உறையில் போட்டு, ஆள் படுக்காத இடத்தில், குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். சுரண்டிப் பார்க்கவே கூடாது.

அப்பாவின் கம்பளி அங்கோலா சட்டையில் பூச்சி ஓட்டை. பாச்சா உருண்டையும் கற்பூரமும் சேர்த்துப் போட்டேன், இரண்டும் பிசுபிசுவென்று கரைந்து துணியில் கறையாகிவிட்டது. ஏன்?
– வாசகி, கொளத்தூர்

இரண்டையும் சேர்த்ததால்தான். தனித்தனியே கட்டியாக இருக்கும் நாப்தலினும் கற்பூரமும் ஒன்றையொன்று தொட்டால், உருகும் வெப்பம் நம்மூர் அறைச் சூட்டுக்கே இறங்கிவிடும். ஏதாவது ஒன்று போதும், அதுவும் துணியைத் தொடாமல் சின்னப் பையில்.

ஓட்டை போடுவது முட்டையிலிருந்து வரும் புழு. அதைக் கொல்ல வாசனையை மட்டும் நம்ப முடியாது, குளிர் கொல்லும். சட்டை நன்றாக உலர்ந்திருக்க வேண்டும். பாலிதீன் பையில் போட்டுக் காற்றை அழுத்தி எடுத்து, டேப் ஒட்டி, ஃப்ரீஸரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் ஒரு நாள் முழுக்கப் பையைத் திறக்காதீர்கள், திறந்தால் வியர்த்து ஈரமாகும். பித்தளைப் பட்டன், தோள் பேட்ஜ் பின்னால் பட்டர் பேப்பர் வையுங்கள். தோல் பெல்ட்டைச் சட்டையோடு சுற்றாதீர்கள். மடிப்பு விழும் இடத்தில் பழைய வேட்டியைச் சுருட்டி வைத்தால் கம்பளி முறியாது. ஹேங்கரில் தொங்கவிட்டால் தோள் இழுத்துப்போகும்.

2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் பட்டாலியன் குரூப் போட்டோ கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. பிய்த்தால் வந்துவிடுமா?
– வாசகர், எர்ணாவூர்

வராது. படத்தின் மேல் உள்ள ஜெலட்டின் நனைந்து பசையாகிக் கண்ணாடியைப் பிடித்திருக்கிறது. பிய்த்தால் முகங்கள் கண்ணாடியோடு போய்விடும். ஊறவைக்கவும் வேண்டாம், அட்டையில் ஒட்டிய படமானால் பெயர் அச்சிட்ட அடிப்பட்டை ஊதிவிடும்.

கண்ணாடியோடேயே படம் எடுங்கள். வெளிப்பக்கத்தை மட்டும் ஈரத் துணியால் துடைத்து உலர்த்துங்கள். ஃப்ளாஷ் வேண்டாம். இரண்டு பக்கமும் சாய்வாக விளக்கு வைத்து, கறுப்புத் துணியில் ஒரு ஓட்டை போட்டு அதன் வழியே கேமரா பார்த்தால் பிரதிபலிப்பு விழாது. முழுப் படம் ஒன்று, பிறகு வரிசை வரிசையாக, கடைசியில் பெயர்ப் பட்டை மட்டும். அந்தப் பட்டையை விட்டுவிட்டால் எண்பது பேர் பெயரில்லாதவர்களாகிவிடுவார்கள். பிரிண்ட் போட்டுச் சட்டம் மாட்டும்போது படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே 3 மி.மீ. மவுண்ட் போர்டு வைக்கச் சொல்லுங்கள், சட்டத்தின் பின்மூலைகளில் கார்க் துண்டு ஒட்டுங்கள்.

அப்பாவின் மெடல்களை நான் அணியலாமா?
– வாசகி, திருவொற்றியூர்

நினைவு நிகழ்ச்சிகளில், நெருங்கிய உறவினர் வலது மார்பில் அணிவது வழக்கம். இடது மார்பு வாங்கியவருக்கே.

தாத்தாவின் கருப்பு டிரங்க் பெட்டி துருப்பிடித்திருக்கிறது. பெயிண்டர் புதுப் பெயிண்ட் அடித்து, எழுத்தையும் அழகாக எழுதித் தருகிறேன் என்கிறார்.
– வாசகர், புது வண்ணாரப்பேட்டை

வேண்டாம். இருட்டறையில் டார்ச்சைப் பெட்டியின் பக்கவாட்டில் படுக்கவைத்து அடித்துப் பாருங்கள். வெள்ளை எழுத்துக்கு அடியில் இன்னொரு எழுத்தின் மேடு தெரியலாம். சிப்பாய் என்றிருந்ததை நாயக் என்று, நாயக்கை ஹவில்தார் என்று, பதவி உயர உயர மேலேயே எழுதிக்கொண்டு போவார்கள். பெயிண்டரின் ஒரு பூச்சில் அத்தனையும் போய்விடும்.

துரு பெரும்பாலும் அடிப்பாகத்தில்தான். எழுத்தில்லாத அடித்தகட்டை மட்டும் கம்பி பிரஷால் தேய்த்து, தூசி துடைத்து, ரெட் ஆக்சைடு ஒரு கோட்டிங் கொடுங்கள். எழுத்துள்ள பக்கத்தை உலர்ந்த மென்துணியால் துடைத்தால் போதும். தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள், பிசுக்கேறித் தூசியைப் பிடிக்கும். கீல்களுக்குத் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு. தரையில் வைக்காமல் இரண்டு மர ரீப்பர் மேல் நாலு அங்குலம் உயர்த்தி, சுவரை விட்டுத் தள்ளி வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் திறந்து போடாதீர்கள். மாசி, பங்குனியில் ஒரு நாள், காலையில் மூடியைத் திறந்து, மதியம் கடற்காற்று ஏறுவதற்குள் சாத்திவிடுங்கள்.