ஏணிக் கணக்கில் எண்ணை எப்போது போடுவது?

கேள்வி இதுதான்: 5 மீட்டர் ஏணி சுவரில் சாய்ந்திருக்கிறது. அடிமுனை விநாடிக்கு 0.5 மீட்டர் வேகத்தில் சுவரைவிட்டு நகர்கிறது. அடிமுனை 3 மீட்டர் தொலைவில் இருக்கும்போது மேல்முனை என்ன வேகத்தில் இறங்கும்?

பலரும் சறுக்குவது ஒரே இடத்தில்தான்: 3 என்ற எண்ணை முதலிலேயே போட்டுவிடுகிறார்கள். போட்டால் அது மாறிலி ஆகிவிடும். மாறிலியை வகையிட்டால் (அதாவது அது மாறும் வீதத்தைக் கண்டால்) பூஜ்யம், கணக்கு அங்கேயே செத்துவிடும். 5 மட்டும் விதிவிலக்கு, ஏணியின் நீளம் மாறுவதில்லையே.

சரி, தொலைவு அ, உயரம் உ என்போம். பித்தாகரஸ் தேற்றப்படி அ² + உ² = 25. இதை நேரத்தைப் பொறுத்து வகையிட்டு 2ஆல் வகுத்தால்:

அ × (அ மாறும் வீதம்) + உ × (உ மாறும் வீதம்) = 0

இப்போது எண்களைப் போடலாம். அ = 3 என்றால் உ = 4. ஆகவே 3 × 0.5 + 4 × (உ மாறும் வீதம்) = 0. விடை −0.375, அதாவது விநாடிக்கு 37.5 சென்டிமீட்டர் வேகத்தில் இறங்குகிறது. உயரம் குறைவதால்தான் கழித்தல் குறி.

ஒரு வேடிக்கை: உ பூஜ்யத்தை நெருங்கும்போது இந்தச் சூத்திரம் முடிவிலி வேகம் தரும். நிஜ ஏணியின் மேல்முனை அதற்கு முன்பே சுவரைவிட்டு விலகிவிடும்.