வெறும் வயிற்றில் தண்டால்

அன்புள்ள ஐயா,

எனக்கு 26 வயது. சொந்த ஊர் திருக்கோவிலூர் பக்கம். பெருங்குடியில் ஒரு கம்பெனியில் பில்லிங் வேலை. கைக்கு 19,000 வருகிறது. வீட்டுக்கு 7,000 அனுப்புகிறேன். வேளச்சேரியில் மூன்று பேர் தங்கும் பிஜி அறைக்கு, ராத்திரிச் சாப்பாட்டோடு சேர்த்து, 6,000. நாள் முழுக்க நாற்காலியிலேயே இருந்து உடம்பு கெட்டுவிட்டது. கை கால் மெலிந்து வயிறு மட்டும் தெரிகிறது. ஜிம்மில் மாதம் 1,500 கேட்கிறார்கள். ஆண்டுச் சந்தாவாகக் கட்டினால் 10,000. புரோட்டீன் பவுடர் டப்பா 3,000. இதற்குப் பணம் சேர்க்க இரண்டு மாதமாகக் காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டேன். 16 மணி நேரம் வயிற்றைக் காயப்போடுவது நல்லது என்று வீடியோக்களிலும் சொல்கிறார்கள். அம்மா உணவகம் பக்கத்தில்தான் இருக்கிறது, ஆனால் ஐடி கார்டு போட்டுக்கொண்டு அங்கே நிற்கக் கூச்சமாக இருக்கிறது. சில நாள் பறக்கும் ரயிலில் நிற்கும்போது தலை சுற்றுகிறது. ஜிம்மில் சேரலாமா, நடந்தால் போதுமா? தினம் 10,000 அடி நடக்க வேண்டுமா? மன உறுதியை எப்படி வளர்த்துக்கொள்வது?

எஸ்.

அன்புள்ள எஸ்,

உங்கள் கடிதத்தில் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்த வரி, போகிறபோக்கில் நீங்கள் எழுதிய அந்தத் தலைசுற்றல்தான். அதைக் கேள்வியாகக்கூட நீங்கள் கேட்கவில்லை. ஜிம்மைப் பற்றிக் கேட்டீர்கள், மன உறுதியைப் பற்றிக் கேட்டீர்கள். ஓடுகிற ரயிலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண் இருட்டி நிற்கிறவனுக்கு எதற்குத் தம்பி மன உறுதி? இரண்டு மாதம் காலைப் பசியைப் பொறுத்துக்கொண்டீர்களே, அதற்குமேல் என்ன உறுதி வேண்டும்?

10,000 அடியை விடுங்கள். 1960களில் ஜப்பானில் அடி எண்ணும் கருவியை விற்பதற்காகப் பிரபலமாக்கப்பட்ட எண் அது. வாரத்துக்கு 150 நிமிடம் சற்று வேகமான நடை, இரண்டு நாள் தசைகளுக்கு வேலை, இதுதான் உலகச் சுகாதார நிறுவனம் கேட்கும் அளவு. பறக்கும் ரயில் நிலையங்களில் படிக்கட்டுக்குப் பஞ்சமில்லை. மாநகராட்சிப் பூங்காக்கள் பலவற்றில் இரும்புக் கருவிகளைக் காசில்லாமல் பயன்படுத்தலாம். தண்டாலுக்கும் பஸ்கிக்கும் ஆறடித் தரை போதும். ஜிம் விஷயம் இதோடு முடிந்தது.

எண்பதுகளின் நடுவில் திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் இருந்தேன். ஐஸ் ஹவுஸ் பக்கம் ஒரு சந்தில் தகரக் கொட்டகை போட்ட தேகப்பயிற்சிச் சாலை. மண் தரை, சுவரில் ஆஞ்சநேயர் படம், மூலையில் உயரவாரியாக நிறுத்திய கர்லாக்கட்டைகள், வியர்வையில் கறுத்த பெஞ்சு ஒன்று. நடத்தியவர் துறைமுகத்தில் மூட்டை தூக்கி ஓய்ந்த பெரியவர். எங்களுக்கு அவர் வாத்தியார். உள்ளே நுழைகிற ஒவ்வொருவனிடமும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "காத்தால இன்னா துன்னே?"

டீ என்று பதில் சொன்னால் அன்றைக்கு இரும்பைத் தொட முடியாது. என் பக்கத்து அறைக்காரன் ஒருவன் போலீஸ் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தான். விடிகாலையில் வெறும் டீயோடு மெரினா மணலில் ஓடிவிட்டு நேராக அங்கே வருவான். வாத்தியார் அவனை வாசல் வெளிச்சத்துக்கு இழுத்துப்போய், கட்டைவிரலால் கீழ் இமையை இறக்கிப் பார்த்தார். உள்பக்கம் சிவப்பாக இருக்க வேண்டிய இடம் சுண்ணாம்பு பூசியதுபோல வெளுத்திருந்தது. "வவுத்துல ஒண்ணுமில்லாம தண்டால் எட்தா ஒடம்பு ஒடம்பையே துன்னும்டா" என்றார். அதன்பிறகு பல வாரம் அவனுக்குப் பயிற்சியே கிடையாது. கொட்டகையைக் கூட்ட வேண்டும், தண்ணீர் தெளிக்க வேண்டும், பால் பவுடர் டின்னில் ஊறிக்கொண்டிருக்கும் கறுப்புக் கொண்டைக்கடலையில் இரண்டு கைப்பிடியை அவர் கண்ணெதிரிலேயே மென்று தின்ன வேண்டும். அவன் ரோஷப்பட்டான், அழக்கூடச் செய்தான். அவர் அசையவில்லை. கண்ணில் சிவப்பு ஏறின பிறகுதான் கர்லாவைக் கையில் கொடுத்தார்.

வாத்தியார் சொன்னது வெறும் மிரட்டல் இல்லை. உள்ளே போகும் உணவு போதாமல் உழைத்தால், உடம்பு தன் தசையையும் கரைத்துத்தான் ஈடுகட்டும். உங்கள் கை கால் மெலிவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். வயிற்றைக் காயப்போடும் அந்த வீடியோக்காரர் மிச்ச எட்டு மணி நேரத்தில் முட்டையும் கோழியும் பருப்பும் காய்கறியும் வயிறாரச் சாப்பிடுகிறார். நீங்கள் மத்தியானம் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று எழுதவே இல்லை. ஏன் எழுதவில்லை என்று எனக்குத் தெரியும்.

கணக்குப் பார்க்கலாம், நீங்கள் கணக்கு எழுதுகிறவர்தானே. 60 கிலோ எடையுள்ள ஆளுக்கு நாளுக்குச் சுமார் 50 கிராம் புரதம் வேண்டும். கிலோவுக்கு 0.83 கிராம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை. உங்கள் 3,000 ரூபாய் டப்பாவில் ஒரு கரண்டிக்கு 24 கிராம் இருக்கலாம். ஒரு கிலோ டப்பா என்றால் முப்பது நாற்பது கரண்டி தேறும். ஆக, ஒரு கரண்டி கிட்டத்தட்ட 80, 100 ரூபாய். நான்கு முட்டையில் அதே 24 கிராம் இருக்கிறது. முட்டை என்ன விலை என்று பிஜிக்குக் கீழே உள்ள கடையில் கேட்டுப் பாருங்கள். நூறு கிராம் வேர்க்கடலையில் 25 கிராம், பொட்டுக்கடலையில் ஏறக்குறைய 20. மீல்மேக்கரில் அரிசி பருப்பெல்லாம் எட்ட முடியாத 50 கிராம். பொட்டுக்கடலைக்கு அடுப்பு வேண்டாம், வேர்க்கடலையை வறுத்ததாக வாங்கினால் அதற்கும் வேண்டாம். கொண்டைக்கடலையை ராத்திரி ஒரு டப்பாவில் ஊறப்போட்டால் காலையில் வேலை முடிந்தது. வெயில் காலத்தில் தெருமுனைக் கூழ் வண்டியைத் தாண்டிப் போகாதீர்கள். நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, தொட்டுக்கொள்ள வெங்காயமும் தருவார்கள். சாப்பிட்ட கையோடு டீ குடிக்க வேண்டாம், அது இரும்புச்சத்தைச் சேரவிடாது. ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள்.

இனி அந்தக் கூச்சம். இதில் உங்கள்மேல் எனக்கு நிஜமாகவே கோபம். 2013இல் சென்னை மாநகராட்சி அம்மா உணவகங்களைத் திறந்தபோது வைத்த விலை, இட்லி ஒரு ரூபாய். மதியத்துக்குச் சாம்பார் சாதம் ஐந்து, தயிர் சாதம் மூன்று. யாருக்கு என்று நினைத்துத் திறந்தார்கள்? ஊரிலிருந்து வந்து, சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பசியோடு ரயிலேறும் பையனுக்குத்தான். அங்கே ஆட்டோ ஓட்டுகிறவரும் கட்டட வேலைக்குப் போகிற அம்மாவும் உங்களுக்கு முன்னால் தட்டோடு நிற்பார்கள். திருக்கோவிலூரில் உங்கள் அப்பாவும் இப்படிப்பட்டவர்களோடுதானே நிற்பார்? அவர் பக்கத்தில் நிற்க உங்களுக்குக் கூச்சம் வருமா? கார்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போங்கள் என்று சொல்ல மாட்டேன். கழுத்தில் போட்டுக்கொண்டே போங்கள்.

உங்கள் கடிதம் வந்தபோது ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவரைப் பற்றிக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். லண்டன் மாடிப் பேருந்துகளில் வேலை செய்தவர்களை, சுமார் 31,000 போக்குவரத்து ஊழியர்களை, ஆராய்ந்து 1953இல் எழுதியவர். உட்கார்ந்தே ஓட்டும் ஓட்டுநர்களைவிட, நாளுக்கு 500 முதல் 750 படி ஏறி இறங்கிய நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவு என்று காட்டியவர் அவர்தான். உடற்பயிற்சியைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் இதை மேற்கோள் காட்டுவார்கள். அவர்கள் சொல்லாத மறுபாதி ஒன்று உண்டு. அதே மாரிஸ், தொண்ணூறு வயதை ஒட்டி, 2000ஆம் ஆண்டில், 18 முதல் 30 வயது வரையிலான ஒரு தனி ஆண் ஆரோக்கியமாக வாழக் குறைந்தது எவ்வளவு பணம் வேண்டும் என்று சக ஆய்வாளர்களோடு சேர்ந்து கணக்குப் போட்டார். நல்ல உணவு, உடற்பயிற்சி, வாடகை, நண்பர்களோடு பழகும் செலவு, எல்லாவற்றையும் சேர்த்தார். வாரத்துக்குச் சுமார் 132 பவுண்டு வந்தது. அன்றைய குறைந்தபட்சக் கூலியில் கைக்கு வந்தது அதைவிடக் குறைவு.

நட, படி ஏறு என்று உலகத்துக்குச் சொன்ன மனிதரே, கூலி போதாவிட்டால் ஆரோக்கியம் இல்லை என்றும் சொல்லியிருக்கிறார். உங்கள் வயசு, உங்கள் நிலைமை. 19,000த்தில் மாதத்தை ஓட்டுகிற உங்களிடம், ஒன்பது மணி நேரம் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, உடம்பு கெட்டது உன் சோம்பலால்தான் என்று இந்த ஊர் சொல்லும். நம்பாதீர்கள். குடியிருக்க வசதியான அறையும், நடக்க அகலமான நடைபாதையும், மாலையில் பூட்டாத பள்ளி மைதானமும், வயிறு நிறையும் சம்பளமும் உங்களுக்குத் தரப்பட வேண்டியவை. அவை கிடைக்காததற்கு உங்கள் காலை இட்லியை நீங்கள் அபராதமாகக் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

10,000 ரூபாய் ஆண்டுச் சந்தாவை இப்போது கட்ட வேண்டாம். நாளைக் காலை நான்கு இட்லி, வழியில் அவித்த முட்டை இரண்டு. இந்த வாரமே உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், காசு கேட்க மாட்டார்கள். தலைசுற்றலை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஆண்களுக்கு ஹீமோகுளோபின் 13க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. எண் என்ன வந்தது என்று எனக்கு எழுதுங்கள். ஜிம்மைப் பற்றி அதற்குப் பிறகு பேசுவோம்.