நாற்றத்தைப் போக்கும் முன் ஆதாரத்தை எடுத்து வையுங்கள்

கேள்வி: மூன்று மாதங்களுக்கு முன் பழைய கார் வியாபாரி ஒருவரிடம் கார் வாங்கினேன். பார்க்கப் போன அன்று உள்ளே வாசனைத் திரவியம் மூக்கைத் துளைத்தது. கண்ணாடிகள் எல்லாம் இறக்கி விடப்பட்டிருந்தன. இரண்டு வாரத்தில் ஈரத்துணி மக்கிய நாற்றம் தொடங்கிவிட்டது. இப்போது கதவைத் திறந்தாலே குமட்டுகிறது. மனைவிக்கு ஓயாத தலைவலி, உறவினர் முன் அவமானம். வியாபாரியோ தொலைபேசியில் ஏளனமாகப் பேசுகிறார். 'ஈரம் நான் கண்ணாடியைத் திறந்து வைத்ததாலும் இருக்கலாம், வந்து பாருங்கள்' என்று பணிவாகக் குறுஞ்செய்தி அனுப்பியும் பலனில்லை. அடுத்த வாரம் தரைவிரிப்பு முழுவதையும் மாற்றி, ஓசோன் வாயு செலுத்தி நாற்றம் போக்கும் சுத்திகரிப்பும் செய்ய நாள் குறித்திருக்கிறேன். அந்தச் செலவையும் மன உளைச்சலுக்கு நட்டஈட்டையும் கேட்டு வழக்குப் போடலாமா?

பதில்: அடுத்த வாரம் குறித்திருக்கும் நாளை இன்றே ரத்து செய்யுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

வியாபாரி ஏளனமாகப் பேசியதும், உறவினர் முகம் சுளித்ததும் உங்களுக்குப் பெரிய வருத்தம் என்பது புரிகிறது. ஆனால் வழக்கில் அவற்றுக்கு எடை கிடையாது. உங்கள் கடிதத்தில் சட்டம் கவனிக்கக்கூடியது ஒன்றே ஒன்று: நாற்றத்துக்குக் காரணமான குறை விற்பனை நாளிலேயே வண்டிக்குள் இருந்ததா, இருந்திருந்தால் சாதாரணமாகப் பார்வையிடும் ஒருவர் அதைக் கண்டுபிடித்திருக்க முடியுமா என்பது. நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. இந்தியாவின் 1930ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டம், இலங்கையின் 1896ஆம் ஆண்டுச் சட்டம், மலேசியாவின் 1957ஆம் ஆண்டுச் சட்டம் ஆகிய மூன்றுமே 1893ஆம் ஆண்டு இங்கிலாந்துச் சட்டத்தின் வழி வந்தவை என்பதால், அடிப்படை ஒன்றுதான். அந்தப் பொருளை விற்பதையே தொழிலாகக் கொண்டவர் விற்கும்போது அது விற்பனைக்குரிய தரத்தில் இருக்க வேண்டும்; ஆனால் வாங்குபவர் சோதித்துப் பார்த்திருந்தால், அந்தச் சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்கு அவர் பின்னால் வந்து கேட்க முடியாது. அன்று அடித்த வாசனையும் இறக்கியிருந்த கண்ணாடியும் இந்த இடத்தில்தான் உங்களுக்கு உதவுகின்றன. குறையைச் சொல்லாமல் இருப்பது வேறு, அதை மறைக்க வேலை செய்வது வேறு. இரண்டாவதை நிரூபித்தால், 'இருக்கும் நிலையிலேயே வாங்கிக்கொள்கிறேன்' என்று நீங்கள் கையெழுத்திட்டிருந்தால், அந்தத் தாள்கூட அவரைப் பொதுவாகக் காப்பாற்றாது.

ஆனால் நாற்றம் இருந்தது என்பதாலேயே குறை இருந்தது என்று ஆகிவிடாது. ஏசியின் குளிர்கலனில் பூஞ்சை பிடித்தாலும் இதே மக்கிய நாற்றம்தான் வரும். உள்ளே வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டரை மாற்றி, குளிர்கலனைச் சுத்தம் செய்தால் போய்விடும். அது பராமரிப்பு வேலை, அதற்காக யாரையும் நீதிமன்றத்துக்கு இழுக்க முடியாது. ஏசித் தண்ணீர் வெளியேறும் குழாய் அடைபட்டால் முன்பக்கக் கால்வைக்கும் இடம் நனையும்; இதுவும் மூன்று மாதத்தில் புதிதாக வந்திருக்கக்கூடியது. வண்டி வெள்ளத்தில் மூழ்கி எடுக்கப்பட்டிருந்தால் கதை முற்றிலும் வேறு. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். எப்போதும் சுருண்டே கிடக்கும் அந்தக் கடைசி முழத்தில் சேற்றுநிறக் கோடு ஒன்று குறுக்கே ஓடினால், தண்ணீர் அந்த உயரம் வரை நின்றது என்று பொருள். இருக்கையைத் தரையோடு பிணைக்கும் போல்ட்டுகளில் துரு, உதிரிச் சக்கரக் குழியில் வண்டல், விரிப்புக்கு அடியில் உள்ள ஃபோமைக் கையால் அழுத்தினால் கசியும் ஈரம் ஆகியவையும் அதையே சொல்லும். பார்த்துப் படம் எடுங்கள், எதையும் துடைக்காதீர்கள்.

நான் அஞ்சுவது இதைத்தான். என்னிடம் வரும் கட்சிக்காரர்கள் பலர் வண்டியை மணக்க மணக்கச் சுத்தம் செய்துவிட்டு, ஒரு கட்டு ரசீதுகளோடு வருகிறார்கள். ரசீது காட்டுவது நீங்கள் செலவு செய்தீர்கள் என்பதை மட்டுமே. ஏன் செலவு செய்ய நேர்ந்தது என்பதை அது காட்டாது. நாற்றத்தைப் படம் பிடிக்க முடியாது. விரிப்பும் ஃபோமும் குப்பைக்குப் போன பிறகு நிபுணர் வந்து பார்த்தால், 'துர்நாற்றம் எதுவும் காணப்படவில்லை' என்று எழுதுவதைத் தவிர அவருக்கு வழியில்லை. அந்த ஒரு வரி போதும், வழக்கு அங்கேயே முடிந்துவிடும். பாதிச் சுத்தம் செய்தவர்கள் நிலை இன்னும் மோசம்: விரிப்பைச் சோப்புநீர் ஊற்றிக் கழுவி, சரியாகக் காயவிடாமல் விட்டுவிட்டால், அந்த ஈரமே உங்களால் வந்தது என்று எதிர்த்தரப்பு வாதிடும். ஓசோனும் அப்படித்தான், அது நாற்றத்தோடு சேர்த்துத் தடயத்தையும் போக்கும், ரப்பர் பாகங்களைக் கெடுக்கும், முழுவதும் வெளியேறும் முன் உள்ளே அமர்ந்தால் நுரையீரலைத் தாக்கும். ஃபோம் ஈரமாகவே இருக்கும்போது ஓசோன் வைத்தாலும் சில வாரங்களில் நாற்றம் திரும்பி வந்துவிடும்.

ஆகவே, வியாபாரிக்குச் சம்பந்தமில்லாத ஒரு மெக்கானிக்கை வைத்து, காரணத்தைக் குறிப்பிடும் எழுத்துப்பூர்வமான ஆய்வறிக்கையை முதலில் பெறுங்கள். பிறகு வியாபாரிக்கு நோட்டீஸ் அனுப்பி, வந்து பார்க்க நியாயமான அவகாசம் கொடுங்கள். அவர் வராவிட்டால் அதுவும் உங்களுக்குச் சாட்சியம். அதன் பிறகு தாராளமாகச் சுத்தம் செய்யலாம். எடுத்த ஃபோமில் ஒரு துண்டைக் காற்றுப் புகாத உறையில் இட்டு, தேதி எழுதி, மெக்கானிக்கின் கையெழுத்தோடு வையுங்கள். நாற்றத்தைப் போக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நட்டத்தைக் கூடுமானவரை குறைக்கும் கடமை உங்களுக்கும் உண்டு, மனைவியின் உடல்நிலையும் முக்கியம். வரிசை மாறக்கூடாது, அவ்வளவுதான். அதுவரை மனைவியை வண்டியில் ஏற்றாதீர்கள்.

நீங்கள் பணிவுக்காக அனுப்பிய அந்தக் குறுஞ்செய்தி குறுக்கு விசாரணையில் முதல் கேள்வியாக வரும். இனி நோட்டீஸைத் தவிர வியாபாரிக்கு ஒரு வரியும் எழுத வேண்டாம்.

வண்டியைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் வாங்கலாம் என்ற எண்ணம் இருந்தால் அதை விட்டுவிடுங்கள். நியாயமான காலத்துக்குள் மறுக்காமல் மூன்று மாதம் ஓட்டியவர் வண்டியை ஏற்றுக்கொண்டதாகவே கருதப்பட அதிக வாய்ப்பு உண்டு. அப்படியானால் மிஞ்சுவது நட்டஈடு மட்டும். மன உளைச்சலுக்குக் கிடைப்பது, கிடைத்தால், சொற்பமே. அறிக்கையில் காரணம் ஏசி என்று வந்தால் நீங்களே செலவு செய்து முடித்துக்கொள்ளுங்கள். வெள்ளம் என்று வந்தாலும், ஆய்வறிக்கையைக் காட்டி விரிப்பு, ஃபோம், சுத்திகரிப்புச் செலவுடன் விலையில் ஒரு பங்கையும் திருப்பிக் கேட்டுச் சமரசம் செய்துகொள்ளவே நான் அறிவுறுத்துவேன். அந்தச் சமரசத் தாளில் 'இத்துடன் எல்லாம் தீர்ந்தது' என்ற வரி இருந்தால் கையெழுத்திடாதீர்கள்: இருக்கைக்கு அடியில் செல்லும் ஒயரிங் இணைப்புகளிலும் ஏர்பேக் இணைப்புகளிலும் அரிப்பு பல மாதங்கள் கழித்தே வெளியில் தெரியும், அவற்றை அந்தத் தீர்விலிருந்து விலக்கி எழுதச் சொல்லுங்கள்.

கோபத்தில் ஒரு வாசனைப் புட்டியை உள்ளே அடித்து, வண்டியை வேறொருவர் தலையில் கட்டிவிடலாம் என்று எவராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். காரணம் தெரிந்த பிறகு அப்படி விற்றால், இன்று வியாபாரி நிற்கும் இடத்தில் நாளை நீங்கள் நிற்பீர்கள். அவருக்கு எதிராக நீங்கள் வாங்கிய அறிக்கையே உங்களுக்கு எதிரான ஆதாரமாக இருக்கும்.