லுட்டீசியம் சிகிச்சைக்கு முன் கட்டித் துண்டில் சாயம் ஏற்றிப் பார்ப்பது ஏன்?

நியூரோஎண்டோகிரைன் கட்டிக்கு (ஹார்மோன் சுரக்கும் செல்களில் வரும் கட்டி) தரும் லுட்டீசியம்-177 என்ற கதிரியக்க மருந்து, செல்லின் மேல் எஸ்எஸ்டிஆர்2 என்ற புரதம் இருந்தால்தான் ஒட்டும். அது இருக்கிறதா என்று திசுவில் பார்ப்பதே இம்யூனோ சாயச் சோதனை. பாம்பனில் சாளைக்கு ஒரு வலை, நண்டுக்கு ஒரு வலை; எதைப் பிடிக்கப் போகிறோம் என்று தெரிந்துதானே படகில் ஏற்றுவார்கள்?

கட்டித் துண்டின் 3–4 மைக்ரான் தடிமனான மெல்லிய சீவலில் அந்தப் புரதத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடியை விட்டால், அது ஒட்டிய இடத்தில் டி.ஏ.பி. சாயம் பழுப்பாகப் படியும். செல்லின் ஓரக்கோடு பழுப்பானால்தான் கணக்கு. சோதனை கெடுவது பெரும்பாலும் அதற்கு முன்பே: ராமநாதபுரத்திலிருந்து மதுரை ஆய்வகத்துக்கு அனுப்பும் துண்டை, எடுத்தவுடனே அதன் பத்து மடங்கு அளவு 10% ஃபார்மலினில் (திசுவைக் கெடாமல் காக்கும் திரவம்) போட வேண்டும். உப்புநீரில் கிடந்தால் புரதம் சிதையும்.

இந்தச் சாயத்தில் கதிரியக்கம் கிடையாது. ஒரு துண்டு பழுப்பானதால் உடம்பிலுள்ள எல்லாக் கட்டியும் அப்படித்தான் என்றும் ஆகாது, அதற்கு அந்தப் புரதம் இருக்கும் இடங்களை உடம்பு முழுக்கக் காட்டும் காலியம்-68 பெட் ஸ்கேன் வேண்டும்.