கிராமத்துக்குத் தீயணைப்பு நிலையம் வருவதற்கு முன் படப்பில் (வைக்கோல் போரில்) பிடித்த தீயை எப்படி அணைத்தார்கள்?

தீயணைப்பு நிலையம் என்றால் தண்ணீர் வண்டி, பம்பு, பயிற்சி பெற்ற ஆட்கள் மூன்றும் இரவும் பகலும் தயாராக இருக்கும் இடம். சென்னையில் 1908-லேயே தீயணைப்புப் படை வந்துவிட்டது. திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமங்களுக்கு அது வந்து சேர வெகு காலம் ஆனது. அதுவரை குளத்திலிருந்து குடம் குடமாகக் கைமாற்றி ஊற்றினார்கள், பக்கத்து ஓலைக் கூரையைப் பிரித்துப் போட்டார்கள். இரண்டாவதுதான் அதிகம் காப்பாற்றியது: எரிய ஒன்றும் இல்லாத இடத்தைத் தீ எளிதில் தாண்டாது.

இன்றும் குளம் வேண்டும். வண்டித் தண்ணீர் சீக்கிரம் தீர்ந்துவிடும். பிறகு உறிஞ்சு குழாயைக் குளத்தில் இறக்க வேண்டும். நீர்மட்டம் பம்புக்குக் கீழே சுமார் 7-8 மீட்டரைத் தாண்டினாலோ, இணைப்பில் காற்று புகுந்தாலோ தண்ணீர் ஏறாது.

படப்பு எரிவது உமி அடுப்பு மாதிரி, மேலே சாம்பல், உள்ளே கனல். சுவாலை அடங்கியதும் தீ அணைந்தது என்று பலர் நினைப்பது தவறு. வைக்கோலைப் பிரித்துப் பரப்பி நனைத்தால்தான் அணையும்.