டேக் என்றால் எடுப்பது மட்டுமா?

அன்புள்ள ஐயா,

தண்டையார்பேட்டையில் வீட்டிலேயே மாலை டியூஷன் நடத்துகிறேன். ஏழாவது, எட்டாவது பிள்ளைகள். ‘டேக்’ என்றால் ‘எடு’ என்று சொல்லிக்கொடுத்தேன். ‘டேக் ஆஃப்டர்’ வந்ததும் ‘பிறகு எடு’ என்று எழுதுகிறார்கள். ‘டேக் தி சைல்ட் டு ஸ்கூல்’ என்பதற்கு ஒரு பெண் ‘புள்ளைய ஸ்கூலுக்கு இட்டுனு போ’ என்றாள். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நானும் ‘அழைத்துச் செல்’ என்று திருத்தினேன். இந்தச் சொல்லை எப்படித்தான் சொல்லித்தருவது?

வாசகி, தண்டையார்பேட்டை

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் அந்தப் பெண்ணைப் பற்றி. அவள் சொன்னது சரி. ‘இட்டுனு’ என்பது ‘இட்டுக்கொண்டு’ என்பதன் பேச்சு வடிவம். ‘வெற்றிக்கு இட்டுச் செல்லும் வழி’ என்று மேடையில் பேசினால் யாரும் சிரிப்பதில்லை. அதே வினை வடசென்னை வாயில் வந்தால் மட்டும் ஏன் சிரிக்க வேண்டும்? பரீட்சையில் ‘அழைத்துச் செல்’ என்றே எழுதட்டும். ஆனால் பொருளைச் சரியாகப் பிடித்தவள் அவள்தான் என்று மற்ற பிள்ளைகள் முன்னால் சொல்லிவிடுங்கள்.

‘எடு’ என்ற ஒரே சொல்லைக் கொடுத்ததுதான் சிக்கல். நாம் மாத்திரை போடுகிறோம், போட்டோ பிடிக்கிறோம், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிறோம். ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் போக அரை மணி நேரம் ஆகிறது. ஆங்கிலத்தில் இதெல்லாமே டேக். ‘அரை மணி நேரம் எடுக்கும்’ என்று இப்போது செய்தியில்கூட வருகிறது. எனக்கு அது பிடிப்பதே இல்லை. ‘ஆகும்’, ‘பிடிக்கும்’ இரண்டும் கைவசம் இருக்கும்போது அது எதற்கு?

இன்னொன்றையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். டேக் ஆங்கிலத்துக்கு வெளியிலிருந்து வந்தது. பழைய ஆங்கிலத்தில் அந்த வேலையைப் பார்த்தது ‘நிமன்’. அதன் உறவான ‘நேமன்’ ஜெர்மனில் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. 9ஆம் நூற்றாண்டில் டென்மார்க், நார்வே பக்கத்து ஆட்கள் கப்பலில் வந்து கொள்ளையடித்தார்கள். அப்புறம் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் நிலம் பிடித்துக் குடியேறினார்கள். அவர்களுடைய ‘டக்கா’தான் டேக் ஆகி, மெல்ல நிமனை வெளியேற்றியது. சரக்கின் பெயர் என்றால் வியாபாரியோடு வந்து இறங்கிவிடும். அன்றாட வினைச்சொல் மாறுவதற்கு அக்கம்பக்கத்தில் குடியிருந்து, பெண் கொடுத்துப் பெண் எடுத்துப் பல தலைமுறை ஆக வேண்டும். நிமன் போன சுவடு இரண்டு சொற்களில் இருக்கிறது. சட்டென்று பிடித்துக்கொள்ளும் சுறுசுறுப்பு ‘நிம்பிள்’. உணர்வு பறிபோய் மரத்துப்போவது ‘நம்’ (numb). அதன் கடைசியில் ஒலிக்காமல் நிற்கும் பி எழுத்து பின்னால் ஒட்டிக்கொண்டது. நாஷ்டா, பேஜார், உஷார் என்று உருதுவிலிருந்து நம் தெருக்களுக்கு வந்து தங்கிய சொற்களைக் ‘கலப்படம்’ என்று கூசுகிற பிள்ளைகள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

சரி, பாடத்துக்கு வருவோம். ஒட்டோடு வரும் வினைகளைப் பட்டியலாகக் கொடுக்காதீர்கள். ஆளையும் இடத்தையும் காட்டிக் கொடுங்கள். ‘டேக் ஆஃப்டர்’ என்றால் ஒருவரின் சாயலிலும் குணத்திலும் இருப்பது. ‘இவள் அப்படியே எங்க ஆயா மாதிரி’ என்று வீட்டில் சொல்வார்கள் அல்லவா, அதுதான். புது டீச்சரிடம் குழந்தை ஒட்டிக்கொண்டால் ‘டேக் டு’. ‘டேக் இன்’னுக்குத் தையல்காரரிடம் போங்கள். தொளதொளவென்று இருக்கும் ஜாக்கெட்டைப் பக்கவாட்டில் அரை இஞ்சு பிடித்துத் தைப்பதும் டேக் இன்தான். போக்கிடம் இல்லாதவரை வீட்டில் சேர்த்துக்கொள்வதும் அதுவே. ஆளை ஏமாற்றுவதும் அதுவே என்பதை அப்புறம் சொன்னால் போதும்.

‘டேக் ஆஃப்’புக்கும் சட்டையைக் கழற்றுவது, விமானம் கிளம்புவது, இன்னொருவரைப் போல நடித்துக் காட்டுவது என்று மூன்று பொருள் உண்டு. மூன்றையும் ஒரே நாளில் நடத்த வேண்டாம். முதல் இரண்டையும் வாக்கியமாக எழுதிப் பழகட்டும். மூன்றாவதை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவைத்தாலும் ஒன்றும் கெட்டுவிடாது.